மலையில் ஏரி, கரையில் வீடு

பண்டமாரானில் மேடு என்று காட்ட ஓர் இடம் கிடையாது. கிள்ளான் ஆறு கடலைத் தேடிப் போகும் தாழ்நிலம் இது. அவசரகாலத்தில் வேலி போட்டு மக்களைக் குடியேற்றிய புதுக்கிராமம். ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் தொழிற்சாலைகள், நடுவே இரவு பகலாகக் கொள்கலன் லாரிகள். கடல் ஏறும் நேரத்தில் கனமழையும் சேர்ந்துகொண்டால் கால்வாய்த் தண்ணீர் போக வழியில்லாமல் வாசலுக்கு வந்துவிடும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் உதவிக்குக் காத்துக் கிடந்ததைக் கிள்ளான் வட்டாரத்தில் எவரும் மறக்கவில்லை.

அப்படிப்பட்ட ஊரில் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஐம்பதைத் தாண்டியவர்கள் கூடி உட்கார்ந்தால் பேச்சு ஒரு கட்டத்தில் மலைக்குப் போய்விடுகிறது. “பிள்ளைங்க படிச்சு முடிச்சிட்டாங்க. கேமரன் பக்கம் சின்னதா ஒரு வீடு வாங்கிப் போட்டா போதும். முன்னால ஏரி தெரியணும்.” துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர் இதைச் சொல்கிறார், பள்ளிக்கூட ஆசிரியை சொல்கிறார், லாரி வைத்துத் தொழில் செய்பவரும் சொல்கிறார். வாட்ஸ்அப்பில் பனி மூடிய ஏரிப்படம் ஒன்று வந்ததும் அது பத்துக் குழுக்களைச் சுற்றிவிட்டு வருகிறது.

இந்த ஆசையை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட என்னால் முடியாது. இதற்குள் நம் சமூகத்தின் நூறாண்டுக் கதை இருக்கிறது.

தண்ணீரை விரட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்

1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டபோது அங்கே முதலில் வேலை பார்த்தது மலேரியா. தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். அதே ஆண்டில் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வெட்டி வடித்து, தேங்கிய நீரையெல்லாம் கடலுக்கு அனுப்பச் செய்தார். சாக்கடை வெட்டித்தான் கிள்ளானும் துறைமுகமும் மனிதர் வாழும் இடங்களாயின. பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் பால் எடுத்த தமிழர்களுக்குத் தேங்கிய தண்ணீர் என்றால் சாவு. ஏரியைப் பார்த்து வீடு கட்டுவது என்ற எண்ணமே அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

வெள்ளைக்காரத் துரைக்கும் அந்தக் காய்ச்சல் பயம் இருந்தது. அவர் சாக்கடை வெட்டியதோடு நிற்கவில்லை, மலைக்கும் ஏறினார். ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா, கேமரன் மலை எல்லாமே ஒரு வகையில் அந்தப் பயத்திலிருந்து பிறந்த ஊர்கள்தான். 1885-இல் வில்லியம் கேமரன் நில அளவைக்குப் போய்ப் பார்த்த மேட்டுநிலத்துக்கு, தாப்பாவிலிருந்து சாலை வந்து சேர 1930-களின் தொடக்கம் ஆனது. அதற்குச் சற்று முன், 1929-இல், ஜே. ஏ. ரசல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியிருந்தார். சரிவுகளில் கொழுந்து பறிக்க ஏறியவர்கள் நம்மவர்கள். மலைக் காற்றும் பனியும் அவர்களுக்கும் கிடைத்தன. ஆனால் அவர்கள் இருந்தது லயத்தில். வேலை போனால் வீடும் போகும்.

கீழே சிலாங்கூரிலும் அதே கதைதான். தோட்டங்கள் கைமாறி வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, மூன்று தலைமுறையாக அங்கேயே இருந்த குடும்பங்கள் சட்டி பானையோடு வெளியேறின. நகரத்தில் முதல் வீடு வாங்கி, அதன் உரிமைப் பத்திரமான கிராண்டைக் கையில் வாங்கிய நாளில் அழுத அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அப்பாக்களின் பிள்ளைகள்தான் இப்போது இரண்டாவது வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். துரையின் பங்களா இருந்த மலையில், துரை நாற்காலி போட்டுப் பார்த்த காட்சியைத் தன் சொந்த வாசலிலிருந்து பார்க்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் அதில் நியாயம் இருக்கிறது. அதனாலேயே, இந்த ஆசையோடு போகிறவர்கள் ஏமாந்து திரும்பக் கூடாது என்ற கவலையும் எனக்கு இருக்கிறது.

ரிங்லெட்டில் இருப்பது யாருடைய ஏரி?

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலையில் ரிங்லெட் சிற்றூரைத் தாண்டியதும் ஏரி தெரியும். மேட்டில் டியூடர் பாணியில் கட்டிய லேக்ஹவுஸ் விடுதி, சுற்றிலும் பச்சைச் சரிவு, காலையில் தண்ணீரோடு ஒட்டி நகரும் பனி. பகலில் இருபதை ஒட்டிய வெப்பநிலை, இரவில் போர்வை தேடும் குளிர். கிள்ளானின் புழுக்கத்திலிருந்து நாலு மணி நேரம் காரோட்டி வந்து இறங்குகிறவருக்கு அந்த முதல் மூச்சே போதும், புக்கிங் தொகையை எடுத்துக் கொடுத்துவிடுவார். மலைக் குளிர் தனியாக இழுக்கும், தண்ணீர் தனியாக இழுக்கும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் மனிதன் என்ன செய்வான்? நம் பழைய திணைப் பிரிவில் மலை குறிஞ்சிக்குப் போனது, வயலும் பொய்கையும் மருதத்துக்குப் போயின. இரண்டையும் ஒரே சன்னலில் கேட்பது பேராசைதான், ஆனால் இனிமையான பேராசை.

இயற்கை நம் மலைகளில் அப்படிச் சேர்த்து வைப்பது அரிது. ஆல்ப்ஸ் போன்ற மலைகளில் பனியாறுகள் பள்ளம் தோண்டி ஏரிகளை விட்டுச் சென்றன. நீலகிரியிலும் பழனி மலையிலும் தித்திவாங்சா தொடரிலும் பனியாறு கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் ஓடைகளில் இறங்கி ஓடிவிடும். ஆகவே இந்த மலைகளில் பெரிய ஏரி ஒன்றைப் பார்த்தால் அநேகமாக யாரோ ஓடைக்குக் குறுக்கே கரை கட்டியிருப்பார்கள், ஏதோ ஒரு காரியத்துக்காகக் கட்டியிருப்பார்கள். அந்தக் காரியம் என்ன என்பதுதான் வீடு வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

ரிங்லெட் ஏரியின் காரியம் மின்சாரம். 1960-களின் தொடக்கத்தில் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பாக்கார் அணை கட்டப்பட்டதால் வந்தது அது. பக்கத்துத் தெலோம் ஆற்றின் நீரையும் சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திருப்பி ஏரியில் சேர்க்கிறார்கள். சேர்ந்த நீர் மலையைக் குடைந்த இன்னொரு நீண்ட சுரங்கத்தில் பேராக் பக்கம் இறங்கி, நிலத்தடியில் இருக்கும் சுல்தான் யூசோப் மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. நீர்மட்டம் இன்று எங்கே நிற்க வேண்டும் என்பதை மழையும் தெனாகா நேஷனலின் மின்தேவையும் முடிவு செய்கின்றன. கரையில் வீடு வைத்திருப்பவரை யாரும் கேட்பதில்லை. விளம்பரப் படத்தில் புல்தரையைத் தொட்டுக் கொண்டிருக்கும் தண்ணீர் இன்னொரு மாதத்தில் பின்வாங்கிச் சேற்றைக் காட்டலாம்.

சேறுதான் இந்த ஏரியின் பெரிய நோய். மேலே பிரிஞ்சாங், கியா ஃபார்ம், கம்போங் ராஜா, புளூ வேலி என்று சரிவு சரிவாகக் காடு அழிந்து காய்கறித் தோட்டமும் பூந்தோட்டமும் ஆயிற்று. தோட்டங்களின் மேல் பிளாஸ்டிக் கூரைகள் வந்தன. காட்டு மண் மழையைக் குடித்து மெல்ல விடும். பிளாஸ்டிக் கூரை விழுந்த மழையை அப்படியே ஓடைக்குத் தள்ளிவிடும், வெட்டிய சரிவு மண்ணையும் கூடவே அனுப்பும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடம் அது. பலத்த மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள், ஏரி தே தாரிக் நிறத்தில் கிடக்கும். கரையெல்லாம் போத்தலும் பிளாஸ்டிக்கும் ஆகாயத்தாமரையும் ஒதுங்கியிருக்கும். பல ஆண்டுகளாகத் தூர் வாரிக்கொண்டேதான் இருக்கிறார்கள். மேலிருந்து மண் வருவது நிற்காதவரை வாருவதும் நிற்காது.

அணைக்குக் கீழே இருப்பது பெர்த்தாம் பள்ளத்தாக்கு. 2013 அக்டோபர் 23 பின்னிரவில் கனமழையில் நீர்மட்டம் ஏறியதால் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. கீழே தூங்கிக்கொண்டிருந்தவர்களின் வீடுகளுக்குள் சேற்று வெள்ளம் புகுந்தது. கார்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு நவம்பரில் அதே வட்டாரத்தில் மறுபடியும் சேற்று வெள்ளம், மறுபடியும் சாவு. சேறு நிரம்பிய ஏரியில் மழை நீரைத் தாங்கி வைக்க இடம் குறைந்துபோகும் என்பதை இந்த இரண்டு நிகழ்ச்சிகளோடும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஏரிக்கு மேல் வீடு, ஏரிக்குக் கீழ் வீடு என்று இரண்டு இடம் காட்டினால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் கீழே உள்ளதை நான் தொட மாட்டேன்.

“டி.ஓ.எல்.தான், ஆனா ஒண்ணும் ஆகாது”

கேமரன் மலையில் நிலம் பேசும்போது இந்த வாசகத்தைக் கேட்காமல் திரும்ப முடியாது. “அண்ணே, இது டி.ஓ.எல். நெலம்தான். ஆனா அப்பா காலத்திலேர்ந்து இருக்காங்க, ஒண்ணும் ஆகாது. லாயர் பேப்பர் போட்டுக்கலாம்.” டி.ஓ.எல். என்பது அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தத் தரப்படும் உரிமம். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். தேசிய நிலச் சட்டப்படி அதை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது, உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். கேமரன் மலைத் தோட்டங்கள் பலவற்றுக்குப் பல்லாண்டுகளாக அடிப்படையாக இருந்தது இந்த ஓராண்டுக் காகிதம்தான். அதில் உழைத்துப் பிழைக்கும் விவசாயிகளின் பாடு தனிக் கட்டுரைக்குரியது. ஓய்வுக்கால வீட்டுக்காக முப்பது வருடச் சேமிப்பைக் கொண்டுபோய் அதில் போடுவது வேறு விஷயம். லாயர் எத்தனை பேப்பர் போட்டாலும் விற்க முடியாததை விற்றதாக ஆகாது.

முறையான கிராண்ட் இருந்தாலும் அதைப் படிக்க வேண்டும். நிலத்தின் வகை விவசாயமா, கட்டடமா, தொழிலா என்று அதிலேயே இருக்கும். விவசாய நிலத்தில் விடுதி போல வீடு கட்டி விற்கிறவர்கள் உண்டு. குத்தகை என்றால் இன்னும் எத்தனை வருடம் மிச்சம், பெயர் மாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டுமா என்பதும் அங்கேயே தெரியும். லேண்ட் ஆபிஸில் சிறு கட்டணம் கட்டி சேர்ச் எடுத்தால் கேவியட், அடமானம் எல்லாம் வெளியே வந்துவிடும். இதை ஏஜென்டிடம் கேட்டு வாங்கக் கூடாது, நாமே போய் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, கரை நம்முடையதாக இருக்காது. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியில் 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றுக்கு இரண்டு பக்கமும் 50 மீட்டர் ஒதுக்கு நிலம் விட வேண்டும் என்று இருக்கிறது. அணை நீர்த்தேக்கத்தின் கரையில் அணை நடத்துபவரின் தேவையும் சேரும். வாசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கிடக்கும் அந்தப் புல்வெளியில் நாளைக்குச் சாலையோ தூர் கொட்டும் இடமோ வந்தால் தடுக்க நமக்கு உரிமை இல்லை. ஊட்டியைப் பாருங்கள். ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டிய ஏரி இன்று இருப்பதைவிடப் பெரியது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் பழைய ஏரியின் மேல்தான் நிற்கின்றன. ஒரு காலத்தில் ஏரிக்கரை வீடாக இருந்ததன் வாசலில் இன்று பேருந்து நிற்கும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் இடறுகிறார்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து வீட்டுக்கு எடுக்கலாம் என்று நம்பியிருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: முதல் வீட்டுக்கு எடுத்தவர் அதை விற்றோ கைமாற்றியோ விட்டால்தான் இரண்டாவதற்கு எடுக்க முடியும். பண்டமாரான் வீட்டையும் வைத்துக்கொண்டு மலையிலும் வாங்க அந்தப் பணம் வராது. ஏற்கெனவே இரண்டு வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தால், 2010 நவம்பர் முதல் பேங்க் நெகாரா வைத்த விதிப்படி மூன்றாவதற்கு விலையில் 70 விழுக்காட்டுக்கு மேல் கடன் கிடையாது. வாங்கிய மூன்று ஆண்டுக்குள் பிடிக்காமல் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு சொத்து ஆதாய வரி. ஐந்து ஆண்டைத் தாண்டினால் குடிமக்களுக்கு 2022 முதல் அந்த வரி இல்லை. கேமரன் வீட்டை வாரக் கடைசியில் வாடகைக்கு விட்டே தவணை கட்டிவிடலாம் என்கிறவர்கள் பள்ளி விடுமுறைக் கூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். மழை மாதத்துச் செவ்வாய்க்கிழமைகளும் கணக்கில் வரும்.

சரிவு எதைத் தாங்கும்

மலையில் வீடு வாங்குகிற கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர் யாராக இருந்தாலும் 1993 டிசம்பர் 11-ஐ நினைக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸின் 12 மாடிக் கட்டடம் ஒன்று அன்று பிற்பகல் சாய்ந்து விழுந்தது. 48 பேர் இறந்தார்கள். அங்கே குடியிருந்தவர்களும் மலைக் காட்சிக்காகவும் குளிர்ந்த காற்றுக்காகவும் வந்தவர்கள்தான். கட்டடத்துக்குப் பின்னால் இருந்த ஓடையைக் குழாயில் திருப்பிவிட்டிருந்தார்கள், வடிகால்களைப் பராமரிக்கவில்லை, மேல் சரிவில் காடு வெட்டப்பட்டது. பத்து நாள் மழையில் சரிவு நகர்ந்தது, தடுப்புச் சுவர்கள் போயின. கட்டடத்துக்குள் இருந்த எந்தக் குடும்பமும் எந்தத் தப்பும் செய்யவில்லை.

அதன்பின் வந்த வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகராண்மை அனுமதி கொடுத்திருக்கிறது என்பதால் பயமில்லை என்று ஏஜென்ட் சொல்லும்போது இந்தத் தீர்ப்பு நினைவுக்கு வர வேண்டும். 2008 டிசம்பரில் அதே மலைத்தொடரில், புக்கிட் அந்தாராபங்சாவில் 14 பங்களாக்கள் மண்ணோடு போயின. 2022 டிசம்பர் 16-இல் பத்தாங் காலி முகாம் தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 31 பேர் நிலச்சரிவில் இறந்தார்கள். மூன்றும் டிசம்பர். மலை வீட்டைப் பார்க்க ஜூனில் போகாதீர்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை ஊறிய ஒரு நாளில் போங்கள். வீட்டைப் பார்ப்பதற்கு முன் வீட்டுக்குப் பின்னால் ஏறிப் பாருங்கள். தடுப்புச் சுவரில் விரிசல் உண்டா, வடிகாலில் செடி முளைத்திருக்கிறதா, மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா, மேலே யார் மண் வெட்டுகிறார்கள்? ஏரி முன்னால் இருக்கும், ஆபத்து பெரும்பாலும் பின்னாலிருந்து வரும்.

கொடைக்கானலிலும் நுவரெலியாவிலும்

பூர்வீக மண்ணில் வாங்கலாமே என்று தமிழ்நாட்டுப் பக்கம் பார்ப்பவர்களும் நம்மிடையே உண்டு. கொடைக்கானல் ஏரி 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கியது. நட்சத்திர வடிவம், சுற்றிவர ஐந்து கிலோமீட்டர் நடைபாதை. கண்ணுக்கு அதைவிட அழகான மலை ஏரி நம் உறவுக்கார நிலங்களில் குறைவு. ஆனால் மலேசியத் தமிழர் அங்கே போய்ச் சுலபமாக நிலம் வாங்கிவிட முடியாது. ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் வீடு வாங்கலாம், விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் வாங்கக் கூடாது. ஏரிக் காட்சி என்று விற்கப்படும் மனைகளில் எது வீட்டுமனை, எது தோட்டம் என்பதில்தான் சிக்கல். உறவினர் பெயரில் வாங்கி வைத்து, பிறகு உறவும் போய் நிலமும் போன கதைகள் பண்டமாரானிலேயே இருக்கின்றன. விதிமீறிக் கட்டிய கட்டடங்களுக்குக் கொடைக்கானலில் நீதிமன்ற உத்தரவின்பேரில் சீல் வைத்த செய்திகளையும் படித்துவிட்டுப் போக வேண்டும்.

நுவரெலியாவில் 1873-இல் ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில் வந்த ஏரி அவர் பெயரிலேயே இருக்கிறது. வெளிநாட்டவர் இலங்கையில் நிலம் வாங்குவதை 2014-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, குத்தகைக்கு எடுக்கலாம். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்பதற்கு மேல் அங்கே நமக்கு வேலை இல்லை.

அப்படியானால் வாங்கவே கூடாதா?

வாங்கலாம். மலையில் வாங்குங்கள், கரையில் வேண்டாம் என்பேன். தானா ராத்தாவில் கட்டட வகைக் கிராண்ட் உள்ள, சமதளமான, பழைய குடியிருப்பில் ஒரு சின்ன வீடு அல்லது அடுக்குமாடி வீடு. மருத்துவமனை அங்கேயே இருக்கிறது, பெரிய சிகிச்சைக்கு ஈப்போவுக்கு இறங்க வேண்டியிருக்கும். அறுபது வயதுக்குப் பிறகு நெஞ்சு வலி வந்தால் ஏரி எத்தனை அழகாக இருந்தாலும் அது ஆம்புலன்ஸை வேகமாகக் கொண்டுவராது. வாங்கும் முன் அதே ஊரில் ஒரு மழை மாதம் முழுக்க வாடகைக்கு இருந்து பாருங்கள். சுவரில் பூஞ்சை எப்படி ஏறுகிறது, ஈரத்தில் முழங்கால் எப்படி வலிக்கிறது, நீண்ட விடுமுறையில் காய்கறி வாங்கப் போனால் எத்தனை மணி நேரம் நெரிசலில் நிற்க வேண்டும் என்று அப்போதுதான் தெரியும். மனைவிக்கு அங்கே பேச ஆள் இருக்கிறதா என்பதும் தெரியும். இந்த ஆசையைப் பெரும்பாலும் ஆண்கள்தான் சொல்கிறார்கள், தனியாக உட்காரப் போவது பெரும்பாலும் பெண்கள்.

தண்ணீர்தான் வேண்டும் என்றால் நமக்கு மிகப் பக்கத்திலேயே இருக்கிறது. பண்டமாரானிலிருந்து சற்றுத் தள்ளி பண்டார் பொட்டானிக்கில் மாலையில் குளத்தைச் சுற்றி நடக்கிறவர்களைப் பாருங்கள். 2001 முதல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற மழைநீர் விதிகள் புதிய வீடமைப்புத் திட்டங்கள் தங்கள் மழைநீரைத் தாங்களே தேக்கி மெல்ல விடவேண்டும் என்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏரிக் காட்சி என்று கூடுதல் விலைக்கு விற்கப்படும் பல குளங்களுக்கு இதுதான் வேலை. வெள்ளத்தைக் கொஞ்சம் தடுக்கும் அந்தத் தண்ணீரை நான் மனமார வரவேற்கிறேன். பண்டமாரான் போன்ற பழைய குடியிருப்புகளுக்கு அப்படி ஒரு குளமும் சுற்றிலும் நிழல் தரும் மரமும் நடைபாதையும் கேட்டு வாங்க வேண்டியது நம் சட்டமன்ற உறுப்பினரிடமும் மாநகராண்மையிடமும்தான். மலையில் ஒருவர் வாங்கும் வீட்டை அந்தக் குடும்பம் மட்டும் அனுபவிக்கும். இங்கே ஒரு குளம் வந்தால், தே கடையில் உட்கார்ந்து கேமரன் ஏரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் அத்தனை பேரும், மலைக்குப் போகவே முடியாத லாரி ஓட்டுநரின் பிள்ளையும் சாயங்காலம் அங்கே போய் உட்காரலாம்.